படுக்கையறையில் உளுந்து விதைத்த பலவேசம்

மொண்ணையூர்க்காரர்களைப் பற்றிச் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம்தான். அது மொண்ணையூர்க்காரர்களுக்கும் தெரியும். ஆனால் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். சந்தையில் யாராவது, "மொண்ணையூரா? அதானே பார்த்தேன்!" என்று சொல்லிவிட்டால் போதும், முகம் மலர்ந்து, "பாத்ததுமே தெரிஞ்சிருது, என்ன?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்கள்.

மற்றபடி குறை சொல்ல முடியாத ஜனம். திருட்டு கிடையாது, புரட்டு கிடையாது. யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்வார்கள். அந்த 'அப்படியே'யில்தான் வில்லங்கம். ஒருமுறை ரேஷன் கடைக்காரர், "சீனி இன்னிக்கு இல்ல, நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பினார். ஊரே மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. பாதி வழியில் யாரோ, "இன்னிக்கு இன்னிக்குத்தானே வே? நாளைக்குல்லா வரச் சொன்னாரு" என்று கேட்க, எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்கள். அந்தச் சீனியை இன்னும் யாரும் வாங்கவில்லை.

இந்த ஊருக்குப் பஞ்சாயத்துத் தலைவர் பலவேசம். தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவரே அவருக்குத்தான் ஓட்டுப் போட்டார். "எல்லோரும் பலவேசத்துக்கே வாக்களியுங்கள்" என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனது அவர் காதிலும் விழுந்திருந்தது.

பலவேசம் தங்கமான மனுஷர். பதவி ஆசை, பண ஆசை எதுவும் கிடையாது. அவருக்கு உலகத்தில் ஒரே ஆசை, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம். அதற்காகவே வீட்டின் பின்பக்கம் தனியாக ஓர் அறை கட்டி, தேக்குக் கட்டில் வாங்கிப் போட்டு, தலைமாட்டில் ஒரு ஜன்னல் வைத்திருந்தார். அந்த ஜன்னல் வழியாக வயல்காற்று வந்து முகத்தில் படும்போது அவருக்குத் தான் தலைவர் என்பதே மறந்துவிடும். ஊருக்கும் மறந்துவிடும். இரண்டு தரப்புக்கும் நிம்மதி.

இப்படி இருக்கையில் டவுனிலிருந்து தனபாலன் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். விரலுக்கு விரல் மோதிரம், பேச்சுக்குப் பேச்சு "தலைவரே". பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் குளத்தில் எலும்பு அரைக்கிற ஆலை ஒன்று வைக்க வேண்டும் என்பது அவர் திட்டம். குளத்துக்குத் தண்ணீர் வரும் கால்வாயில் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி முதலில் அடைத்தார். கோடை வந்ததும் குளம் காய்ந்து கட்டாந்தரையாகிவிட்டது. "பாத்தேளா தலைவரே, சும்மா கிடக்கிற நிலம்" என்றார். பலவேசம் போய்ப் பார்த்தார். நிலம் சும்மாதான் கிடந்தது. "ஆமா" என்றார்.

பள்ளிக்கூட வாத்தியார் வெளியூர்க்காரர். எலும்பு அரைக்கிற நாற்றத்தில் பிள்ளைகள் எப்படிப் படிக்கும் என்று மேலே மனுப் போட்டுவிட்டார். அதன் பேரில் ஊரமைப்பு அலுவலகத்திலிருந்து மரகதவல்லி என்ற அதிகாரி, வயசு சின்னதுதான், ஒரு பெரிய வரைபடத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்கினார்.

பஞ்சாயத்து அலுவலகத்தில் ஊரே கூடியது. மேஜையில் வரைபடத்தை விரித்தார் அதிகாரி. மஞ்சள், பச்சை, ஊதா, நீலம் என்று மொண்ணையூர் பொங்கல் கோலம் மாதிரிக் கிடந்தது.

"இது உங்க ஊருக்கான நிலப் பயன்பாட்டுத் திட்டம்" என்று ஆரம்பித்தார். "மஞ்சள்ல வீடுங்க. பச்சையில விவசாயம். ஊதாவுல தொழில். நீலம் நீர்நிலை. எல்லாம் கலந்து கிடந்தா ஊர் உருப்படாது. அது அது அதுக்கு உண்டான இடத்துல இருக்கணும். ஆலைப் புகை வீட்டுக்குள்ள வரக் கூடாது. பள்ளிக்கூடத்துப் பக்கம் சத்தம் கூடாது. ஒவ்வொரு வீட்டுலயும் சுவத்தை ஒட்டி அஞ்சடி இடம் விடணும். அப்பதான் காத்தும் வெளிச்சமும் வரும், தீப்பிடிச்சா வண்டி நுழையும். குளம் குளமா இருக்கணும். இதெல்லாம் உங்களைக் கஷ்டப்படுத்த இல்ல. நீங்களும், உங்களுக்குப் பின்னால வர்றவங்களும் நல்லா இருக்கணும்னுதான்."

பலவேசம் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் தையல்காரர் நயினார் நின்றுகொண்டிருந்தார்.

"இவரும் நல்லா இருப்பாரா மேடம்?"

"எல்லாரும் நல்லா இருப்பாங்க."

நயினார் கண் கலங்கிவிட்டார். அரசாங்கம் தன்னை இவ்வளவு தூரம் நினைத்துப் பார்க்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"அடுத்த மாசம் வந்து பார்ப்பேன்" என்றார் அதிகாரி. "ஒரு மண்டலத்துல அதுக்கு உண்டானதைத் தவிர வேற எதுக்காவது இடத்தைப் பயன்படுத்தினா, சீல் வைக்க வேண்டியதாயிடும்." சொல்லிவிட்டு, வரைபடத்தை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஜீப் புழுதி அடங்கியதும் எல்லோரும் ஐகோர்ட்துரையைப் பார்த்தார்கள். ஐகோர்ட்துரை உப்பு வியாபாரி. கோர்ட்டு வாசலை மிதித்ததில்லை. ஆனாலும் பெயரிலேயே ஐகோர்ட் இருப்பதால் சட்டம் சம்பந்தமான சந்தேகம் எதுவானாலும் ஊரில் அவரைத்தான் கேட்பார்கள். அவரும் கேட்டவரை ஏமாற்றியதில்லை.

ஐகோர்ட்துரை வரைபடத்தின் மேல் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு ஒரு விரலை வைத்தார்.

"தலைவரே, இங்கன ஒரு கோடு போகுது."

போனது கோடு இல்லை, மடிப்பு. நாலாக மடித்துப் பையில் வைத்திருந்ததால் வரைபடத்தின் நடுவில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மடிப்புத் தடம் விழுந்திருந்தது. அதிகாரி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மடிப்பை மடிப்பு என்று எடுத்துச் சொல்ல வேண்டிய ஊருக்கு அவர் அதுவரை வந்ததில்லை.

"இந்தா நெடுக்க ஒண்ணு. இந்தா குறுக்க ஒண்ணு. ரெண்டும் எங்க வெட்டுது பாத்தேளா?" ஐகோர்ட்துரை விரலால் அந்த இடத்தைத் தட்டினார். "ஒம்ம வீட்டுல."

பலவேசத்தின் வீடு தெருவின் கடைசி வீடு. அதற்குப் பின்னால் வயல். ஒரு பக்கம் பழைய செங்கல் சூளை. வீட்டின் முன்பக்கம் மஞ்சள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. குறுக்குக் கோட்டுக்குப் பின்னால் போனால் பச்சை, நெடுக்குக் கோட்டுக்கு அந்தாண்டை போனால் ஊதா என்று ஐகோர்ட்துரை தீர்ப்புச் சொன்னார். கோடு வீட்டுக்குள் எங்கெங்கே போகிறது என்று பார்க்க நயினார் கழுத்தில் கிடந்த தையல் டேப்போடு புறப்பட்டார்.

நயினாருக்கு நிலம் அளந்து பழக்கமில்லை. ஆனால் அளவு எடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வீட்டின் தோளை அளந்தார், மார்பை அளந்தார், இடுப்பை அளந்தார். "கைக்கு எவ்வளவு விட?" என்று பழக்கதோஷத்தில் கேட்டார். கடைசியில் சாக்குக்கட்டியை எடுத்து, வாசலில் தொடங்கிக் கூடம், சுவர், கதவு என்று ஒன்றையும் விடாமல் கோடு போட்டுக்கொண்டே போனார். வழியில் பலவேசத்தின் மனைவி உலகம்மாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முதுகிலும் ஒரு கோடு விழுந்தது.

அளந்து முடித்தபோது விஷயம் தெளிவாகிவிட்டது. கூடம் மஞ்சளில் இருந்தது. அடுக்களை ஊதாவில் இருந்தது. தேக்குக் கட்டில் கிடந்த அறை, முழுக்க முழுக்க, பச்சையில் இருந்தது.

பலவேசம் போய்க் கட்டிலின் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

முதலில் அடுக்களை விவகாரத்தை எடுத்துக்கொண்டார்கள்.

"ஊதாவுல தொழில்தான் நடக்கணும். சமையல் தொழிலா, இல்லையா?" என்று கேட்டார் நயினார்.

ஐகோர்ட்துரை கண்ணை மூடி யோசித்தார். "புகை வருதா?"

"வருது."

"சத்தம்?"

"உலகம்மா மைனி சமைக்கும்போது தெருமுனை வரைக்கும் கேக்கும்."

"உள்ள போவது ஒண்ணு, வெளிய வருவது வேற ஒண்ணா?"

பலவேசம் ஒரு நிமிஷம் யோசித்தார். "பல நாள் என்னன்னே தெரியாது."

"அப்பம் ஆலைதான். நடத்தலாம்."

அன்றைக்கு உலகம்மாள் ஆலை முதலாளி ஆனாள். அவளும் மொண்ணையூர்ப் பெண்தான். எடுத்த காரியத்தில் குறை வைக்கமாட்டாள். காலையில் ஒரு ஷிப்டு, சாயங்காலம் ஒரு ஷிப்டு. ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு விடுமுறை. இரண்டாவது வாரம் புளி தீர்ந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை என்று சொல்லி வேலைநிறுத்தம் செய்தாள். முதலாளியும் அவளே, தொழிலாளியும் அவளே என்பதால் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனது. பலவேசம் மூன்று வேளையும் வாழைப்பழம் சாப்பிட்டார். அதையும் ஊதாவில் வைத்துச் சாப்பிட முடியாது. சாப்பிடுவது தொழில் இல்லையே. பழத்தை எடுத்துக்கொண்டு மஞ்சளுக்கு வந்து உரித்தார்.

அடுத்தது படுக்கையறை.

"விவசாய மண்டலத்துல கட்டில் போட்டுத் தூங்குதீரே, அது விவசாயமா?" என்றார் ஐகோர்ட்துரை.

"வயல்ல காவலுக்குப் படுக்கது உண்டுல்லா?" பலவேசம் கெஞ்சினார். "அது விவசாயந்தானே?"

"காவலுன்னா எதைக் காக்கீரு? முதல்ல பயிரு வேணும்."

ஆக, பயிர் வைப்பது என்று முடிவாயிற்று. உழுவதற்கு மாடு பிடித்துக்கொண்டு வந்தார்கள். மாடு கூடத்தைத் தாண்டி, அடுக்களையில் ஒரு கட்டுக் கீரையைத் தின்றுவிட்டு, படுக்கையறைக்குள் நுழைந்தது. கட்டிலைப் பார்த்தது. ஏறிப் படுத்துக்கொண்டது. எவ்வளவு தட்டியும் எழுந்திருக்கவில்லை. மாட்டுக்குத் தெரிந்திருக்கிறது, எவ்வளவு நல்ல இடம் என்று நினைத்து பலவேசம் பெருமூச்சு விட்டார். கடைசியில் மாட்டைக் கட்டிலோடு தூக்கித் தெருவில் வைத்துவிட்டு, சிமெண்டுத் தரையைக் கடப்பாறையால் பெயர்த்து, மண்வெட்டியால் கொத்தி, உளுந்து விதைத்தார்கள். வரப்பு கட்டினார்கள். கதவு ஓரத்தில் மடை வைத்தார்கள். மச்சில் சாரம் கட்டி, காவலுக்கு ஒரு பரணும் போட்டுக் கொடுத்தார்கள்.

பலவேசத்துக்கு உயிர் வந்தது. சாப்பாடு முடிந்ததும் பரணில் ஏறிக் காலை நீட்டினார். கண் சொக்கியது.

"தலைவரே!" என்று ஜன்னல் வழியாகக் குரல் வந்தது. ஐகோர்ட்துரைதான். "முழிச்சிருந்தா காவல். காவல் விவசாயம். கண்ண மூடினா குடியிருப்பு. பாத்துக்கிடும்."

அதற்குப் பிறகு பலவேசம் மத்தியானத்தில் தூங்கவில்லை. கையில் ஒரு தகர டப்பாவை வைத்துக்கொண்டு, இமை கொட்டாமல், தன் படுக்கையறைக்குள் வராத குருவிகளை விரட்டிக்கொண்டிருந்தார்.

கூடத்திலாவது படுக்கலாம் என்றால் அங்கே வேறு சிக்கல். சுவரை ஒட்டி ஐந்தடி விட வேண்டும் என்று அதிகாரி சொல்லியிருந்தார். தெருவில் எல்லா வீடும் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டியது. வெளியே விட இடம் ஏது? ஆகவே எல்லோரும் உள்ளே விட்டார்கள். பலவேசத்தின் கூடம் பத்தடி அகலம். நயினார் வந்து இந்தச் சுவரிலிருந்து ஐந்தடி, அந்தச் சுவரிலிருந்து ஐந்தடி அளந்து கோடு போட்டார். இரண்டு கோடும் ஒரே இடத்தில் விழுந்தது.

"மிச்சம் எவ்வளவு வே?" என்று கேட்டார் பலவேசம்.

"இந்தக் கோடு மட்டும்தான் தலைவரே" என்றார் நயினார். "மெல்லிசா இருந்தா அழுத்திப் போட்டுத் தரட்டா?"

அன்றுமுதல் அந்த வீட்டில் நடமாட்டம் எல்லாம் கோட்டின் மேல்தான். பலவேசம் முன்னால், உலகம்மாள் பின்னால். எதிரெதிரே வந்துவிட்டால் ஒருவர் வாசல் வரை பின்னால் நடந்து வழிவிட வேண்டும். உறவுக்காரர்கள் வந்தால் ரயில் பெட்டி மாதிரி வரிசையாக உட்கார்ந்து, முன்னால் இருப்பவரின் பிடரியைப் பார்த்து, "சௌக்கியமா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். ஓரத்தில் பத்தடிக்கும் காற்றும் வெளிச்சமும் தாராளமாக உலாவின. தீயணைப்பு வண்டி வந்தால் திரும்பக்கூட இடம் இருந்தது.

பள்ளிக்கூடத்துப் பக்கம் சத்தம் கூடாது என்ற விதியையும் ஊர் மறக்கவில்லை. சத்தம் பள்ளிக்கூடத்துக்குள் இருந்துதான் வருகிறது என்பதை நயினார் கண்டுபிடித்துச் சொன்னார். பிள்ளைகள் வாய்ப்பாட்டை உதட்டசைவில் ஒப்பித்தார்கள். மணியின் நாக்கில் துணி சுற்றப்பட்டது. தும்மல் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு செங்கல் சூளை வரை ஓடி, ஊதாவில் நின்று தும்மிவிட்டுத் திரும்பி வந்தார்கள். வாத்தியார் தலையில் கைவைத்து உட்கார்ந்ததைப் பார்த்து, "சத்தமில்லாம எப்பிடி வருத்தப்படுதாரு பாரும்" என்று ஊரார் மெச்சினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தனபாலன் லாரிகளோடு திரும்பி வந்தார். காய்ந்த குளத்தின் நடுவில் அரவை இயந்திரங்களை இறக்கினார். கொட்டகை போட்டார். இரும்புப் புகைக்கூண்டை நிறுத்தினார். பிறகு ஒரு கூடை ஆப்பிளோடு பலவேசத்தின் வீட்டுக்கு வந்து, கோட்டின் மேல் உட்கார வைக்கப்பட்டார்.

"தலைவரே, ஆலைக்கு ஆட்சேபணை இல்லைன்னு பஞ்சாயத்துல ஒரு வார்த்தை சொல்லிருங்க."

பலவேசம் தூக்கமில்லாமல் சிவந்த கண்ணோடு வரைபடத்தை விரித்தார். "ஒம்ம இடம் நீலத்துலல்லா இருக்கு?"

"நீலம்னா என்ன, ஊதா கொஞ்சம் வெளுத்தா நீலம்" என்று சிரித்தார் தனபாலன். "இதெல்லாம் ஒரு கண்துடைப்பு தலைவரே. நீங்க பாத்துச் செய்யுங்க. விதிப்படி என்னென்ன உண்டோ, அதெல்லாம் நீங்களே முன்ன நின்னு முடிச்சு வச்சிருங்க. நான் டவுனுக்குப் போயி திறப்பு விழாவுக்குப் பந்தல்காரனைக் கூட்டிக்கிட்டு வாரேன்."

அவர் போனதும் கூட்டம் போட்டார்கள். பலவேசம்தான் முதலில் பேசினார்.

"வெளியூர்க்காரரு. நம்மளை நம்பி விட்டுட்டுப் போயிருக்காரு. விதிப்படி முடிச்சுக் குடுக்கணும். நீலத்துக்கு என்ன விதி?"

"நீர்நிலை" என்றார் ஐகோர்ட்துரை. "நீரு நிலையா நிக்கணும்."

"இப்பம் நிக்குதா?"

"ஒரு சொட்டு இல்ல."

கூட்டத்தில் எல்லோருக்கும் திக்கென்றது. மேடம் வருகிற நாள் நெருங்கிவிட்டது. நீல மண்டலத்தில் ஓர் ஆலை நட்டநடுவே இப்படிக் காய்ந்துபோய்க் கிடந்தால் சீல் வைக்காமல் என்ன செய்வார்கள்? பாவம், மனுஷன் ஆப்பிளெல்லாம் வாங்கி வந்திருக்கிறார்.

"மிஷினு நனையுமே?" என்று நயினார் சந்தேகம் எழுப்பினார்.

"நனைஞ்சா தொடச்சுக்கிடலாம்" என்றார் பலவேசம். "சீலு வச்சா தொடைக்க முடியுமா?"

ஆணும் பெண்ணுமாக ஊரே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கால்வாய்க்குப் போனது. தனபாலன் கொட்டிவைத்த மண்ணை வெட்டி வெட்டி எறிந்தார்கள். உலகம்மாள் வேலைநிறுத்தத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்துவிட்டு வந்து கூடை சுமந்தாள். பலவேசத்தைப் போல் வேலை செய்தவர் யாருமில்லை. நின்றால் தூங்கிவிடுவோம் என்ற பயம். மண் விலகியதும் அந்தப் பக்கம் தேங்கிக் கிடந்த தண்ணீர் முதலில் எட்டிப் பார்த்தது. பிறகு நடந்தது. பிறகு ஓடியது. குளத்தில் பாய்ந்து, லாரித் தடங்களை நிரப்பி, இயந்திரங்களின் காலைப் பிடித்து, இடுப்பைப் பிடித்து, கழுத்தைப் பிடித்தது. கொட்டகைக் கூரை கொஞ்ச நேரம் மிதந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. எங்கிருந்தோ இரண்டு எருமைகள் வந்து இறங்கின.

"இப்பம்தான் பாக்க லட்சணமா இருக்கு" என்றார் நயினார்.

திறப்பு விழா நாளும் அதிகாரி வரும் நாளும் ஒன்றாக அமைந்துவிட்டது. தனபாலன் பந்தல்காரரோடு காரில் வந்து குளக்கரையில் இறங்கினார். அலையடிக்கிற தண்ணீரைப் பார்த்தார். நடுவில் புகைக்கூண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் உச்சியில் ஒரு கொக்கு.

"என் ஆலை எங்கய்யா?"

"உள்ளதான் இருக்கு" என்றார் பலவேசம், சந்தோஷமாக.

"எதுக்குள்ள?"

"விதிக்குள்ள."

தனபாலன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டார். "மகிழ்ச்சி தாங்கல பாவம்" என்று பந்தல்காரரிடம் ரகசியமாகச் சொன்னார் ஐகோர்ட்துரை.

ஜீப்பில் வந்த மரகதவல்லி மேடத்துக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. இந்த ஆலையை எப்படி நிறுத்துவது, எத்தனை வருஷம் வழக்கு நடத்துவது என்று யோசித்துக்கொண்டே வந்திருந்தார்.

"மேடம், நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க!" என்று எழுந்தார் தனபாலன். "இது அக்கிரமம் இல்லையா?"

"குளம் குளமா இருக்கணும்ங்கிறது விதி. இருக்குது" என்றார் அதிகாரி. "அதுக்குள்ள உங்க சாமான் எப்படி வந்ததுன்னு நீங்கதான் எழுதிக் குடுக்கணும்."

தனபாலன் எழுதிக் கொடுக்கவில்லை. காரில் ஏறியவர் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. மொண்ணையூர்க்காரர்கள் வெகுதூரம் பின்னாலேயே ஓடி, "அடுத்த ஆலைக்கும் நாங்களே பாத்துக்கிடுதோம்!" என்று வழியனுப்பிவிட்டு வந்தார்கள்.

பிறகு அதிகாரி ஊரைச் சுற்றிப் பார்த்தார். பலவேசத்தின் வீட்டுக்கு வந்தபோது கோட்டின் மேல் நடக்க வைக்கப்பட்டார். படுக்கையறைக் கதவைத் திறந்ததும் அப்படியே நின்றார். உளுந்து நன்றாகத் தழைத்துப் பூ எடுத்திருந்தது. மேலே பரணில் தகர டப்பாவோடு தலைவர் ஏறி உட்கார்ந்து, "ஹோய்!" என்று ஒரு குரல் கொடுத்துக் காட்டினார்.

"என்ன தலைவரே இது?"

"விவசாயம் மேடம். ஒரு நாளும் கண்ண மூடல. சத்தியம்."

விஷயம் முழுவதையும் கேட்டபிறகு அதிகாரி வரைபடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இது கோடே இல்ல தலைவரே. காகிதத்தை மடிச்சதால விழுந்த தடம். உங்க வீடு மொத்தமும் மஞ்சள்தான். சமைக்கலாம், சாப்பிடலாம், தூங்கலாம். அஞ்சடி விடணும்னு சொன்னது புதுசா வீடு கட்டும்போது, சுவத்துக்கு வெளிய."

பலவேசம் பரணிலிருந்து இறங்கினார். இறங்கினார் என்ன, விழுந்தார்.

"தூங்கலாமா?"

"தாராளமா."

"மத்தியானத்துல?"

"எப்ப வேணும்னாலும்."

பலவேசத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "ஏட்டி உலகம்மா, கட்டிலை உள்ள கொண்டா!" என்று கூவினார். மாட்டை இறக்குவதற்கு ஆள் போயிற்று. ஊரே தெருவுக்கு வந்து ஆரவாரம் செய்தது. அடுக்களையில் ஆலை மூடப்பட்டுச் சமையல் தொடங்கியது. அதிகாரி நிம்மதியாக ஜீப்பில் ஏறினார். ஏறியவர், சும்மா போயிருக்கலாம். ஒரு நல்ல எண்ணத்தில் தலையை வெளியே நீட்டினார்.

"இந்தத் திட்டத்துக்கு இன்னும் அரசாணை வரல. வர்ற வரைக்கும் ஊர்ல எல்லாம் இப்ப எப்படி இருக்கோ, அப்படியே இருக்கட்டும். யாரும் எதையும் மாத்தாதீங்க, சரியா?"

புதுக் கட்டிடம் எதுவும் எழுப்ப வேண்டாம் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. "சரிங்க மேடம்!" என்றது ஊர். ஜீப் போய்விட்டது.

யாரும் அசையவில்லை.

பலவேசம் ஜீப்புக்குக் கை காட்ட வலது கையைத் தூக்கியிருந்தார். அது தூக்கியபடி நின்றது. உலகம்மாள் கட்டிலின் ஒரு காலைப் பிடித்துக் குனிந்திருந்தாள். மாடு கட்டிலிலேயே இருந்தது. நயினார் ஊசியில் நூல் கோக்கப் போய், நூல் காதுக்கு ஒரு நூல் இடைவெளியில் நின்றது. ஐகோர்ட்துரை பாடு ரொம்ப மோசம். அவர் நாற்காலியில் உட்காரப் போனவர், இன்னும் உட்காரவில்லை.

"மூச்சு விடலாமா வே?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டார் நயினார்.

ஐகோர்ட்துரை தொடை நடுங்க யோசித்தார். "உள்ள இருக்க காத்து வெளிய போனா, அது மாத்தம்."

"திரும்ப உள்ள இழுத்துட்டா?"

"பழையபடி ஆயிரும். விடலாம்."

ஊர் முழுவதும் மூச்சு விட்டது.

"அரசாணை எப்ப வரும்?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"அரசாங்கம்லா. அவசரப்படுத்தக் கூடாது" என்றார் பலவேசம். கையோரத்தில், எட்டித் தொடுகிற தூரத்தில், அவருடைய தேக்குக் கட்டில். கண்ணை மூடலாமா என்று கேட்கலாம் என்று நினைத்தார். திறந்திருந்த கண்ணை மூடினால் அது என்னவாகும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. கேட்கவில்லை.

அப்போது சாயங்கால டவுன் பஸ் வந்தது. தெருவில் ஒருவர் கையைத் தூக்கி நிற்பதைப் பார்த்து, ஹாரனை அழுத்திக்கொண்டே வந்து நின்றது. கண்டக்டர் வெளியூர்க்காரர். படியிலிருந்து குனிந்தார்.

"ஏறுதீரா, இல்லையா?"

"ஏறினா மாத்தம்" என்றார் பலவேசம்.

"அப்பம் கையை இறக்கும். வண்டி போவட்டும்."

"இறக்கினாலும் மாத்தம். மேடம் உத்தரவு. ஊருக்குள்ள எது எப்பிடி இருக்கோ, அது அப்பிடியே இருக்கணுமாம்."

கண்டக்டர் ஒன்றும் புரியாமல் விசிலை ஊதி, "எடுங்கண்ணே, போவோம்" என்று டிரைவரைப் பார்த்தார்.

டிரைவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் மொண்ணையூர் மாப்பிள்ளை. மாப்பிள்ளை ஆவதற்கு முன்பும் மொண்ணையூர்தான்.

"இப்பம் இந்தத் தெருவுல ஒரு பஸ்ஸு இருக்கு" என்றார் நிதானமாக. "எடுத்தா இருக்காது."

சொல்லிவிட்டு, ஹாரனில் அழுத்தி வைத்த கையை எடுக்காமல், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.